மூத்தவள் எடைக்கு இல்லை

செப்டம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சின்ன அண்ணனின் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இந்த வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை, ஆகையால் முதலில் அதையே கேட்கிறேன். சுகமா அத்தை?

நீங்கள் போனபோது எனக்குப் பேச்சு வந்திருக்கவில்லையாம். என்னைப் பொடிசு என்று கூப்பிடுவீர்களாம். அந்தப் பொடிசு இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிறாள். அப்பா இறந்தபோது நீங்கள் அம்மாவுக்குப் போட்ட கடிதத்தை நான் பார்த்ததில்லை. அதன் உறை மட்டும் அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. உங்கள் தொழிற்சாலை விடுதியின் முகவரியை அதிலிருந்துதான் எடுத்தேன். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் பல்தான் பொறுப்பு.

விஷயம் மூத்தவளைப் பற்றியது. உலோகம் வெட்டும் அப்பாவின் மில்லிங் மிஷினுக்கு அந்தப் பெயர் வைத்தது அப்பாவா நீங்களா என்று தெரியாது. எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவள் என்பதால் அவள் மூத்தவள், நான் இளையவள். நீங்களும் அப்பாவும் சேர்ந்து ஓட்டிய மிஷின்தான். அப்பா படுத்ததிலிருந்து பட்டறை பூட்டிக் கிடந்தது. சாவி, காரியம் முடிந்ததிலிருந்து பெரியப்பாவிடம்.

போன வாரம் பெரியப்பா ஒரு பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தார். அவர் மூத்தவளைச் சுற்றி வந்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். "உள்ள பாதி சாமானே இல்லையே. ஓடுற மிஷினா இருந்தா வேற ஆளுக்குக் கைமாத்தலாம். இது வெறும் இரும்பு" என்றார். பெரியப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அப்ப மூத்தவளை எடைக்குப் போட்டுடலாம். பட்டறையைக் கிடங்குக்கு விட்டுடலாம். இளையவளும் அவ அம்மாவும் நம்ம வீட்டு மாடி ரூமுக்கு வந்துடட்டும். சமையலுக்கு ஒரு கை கூடுதலா இருக்கும்."

அம்மா தண்ணீர் டம்ளரை ஏந்தியபடி வாசல்படியில் நின்றாள். நான்தான் சொன்னேன்: "அது ஓடும்."

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். பெரியப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்க. சரி, பரீட்சை முடியறதுக்குள்ள ஓட்டிக் காட்டு. சும்மா சுத்தினாப் பத்தாது, ஒரு சாமான் வெட்டிக் காட்டணும். காட்டிட்டா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சாவியைக் கழற்றி மேஜை மேல் எறிந்தார். இரும்புக்காரர், தனக்கு அவசரம் இல்லை, இரும்பு ஊசிப்போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை, மிஷின் எப்படி வெட்ட வேண்டும் என்று புரோகிராம் எழுத அப்பா எனக்குக் கற்றுக் கொடுத்தார். மிஷினைத் திறக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. வெட்டும் டூலை, சுழலும் ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் நீளக் கம்பியைக் காணவில்லை. மேஜையை நகர்த்தும் கைச்சக்கரம் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. டூல் பிடிக்கும் கூம்புகளில் ஒன்றுகூட இல்லை. கன்ட்ரோல் பெட்டியில் ஒரு சர்க்யூட் கார்டு இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் அப்பாவே விற்றிருப்பார் என்கிறார் பெரியப்பா. அவற்றை எங்கே தேடுவது, இல்லாமல் ஓட்ட முடியுமா, சொல்லுங்கள்.

அம்மாவின் போனைப் பெரியப்பா வாரத்துக்கு ஒரு முறை வாங்கிப் பார்க்கிறார். பதிலைப் பள்ளி நூலக டீச்சர் முகவரிக்குப் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி எழுதிவிட்டேனே தவிர அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இளையவள்


செப்டம்பர் 27

பொடிசுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல். உன் அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்ட சாமான்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ அதை எழுதினாயோ அவரிடமும் இதையே சொல்லிவிடு.

ஷிப்ட் முடிந்து கையைச் சரியாகக் கழுவாமல் எழுதுகிறேன். மூலையில் இருக்கும் கறை மிஷின் எண்ணெய். நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி.

அத்தை


அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. எனக்குத்தான் பல் வலி. டார்ச் கனமானது.

உங்கள் கடிதத்தை நூலகத்திலேயே படித்து அழுதுவிட்டேன். கையில் இருப்பது ஏதோ கதை என்று நினைத்து நூலக டீச்சர், "முடிவு நல்லபடியாத்தான் இருக்கும், படி" என்று தேற்றினார்.

யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை அத்தை. நிரூபிக்க என்னிடம் சாட்சி கிடையாது. ஆனால் கீழே வருவதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். பெரியப்பா மீசைக்கு அடிக்கும் மை, வேர்த்தால் வாயோரம் வழிகிறது. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, பெரியம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்கிறார். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அது தன்னுடையது என்கிறார். அவருடைய மணிக்கட்டுக்கு வார் எட்டவில்லை, நூல் போட்டு முடிந்திருக்கிறார். இதையெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியிருப்பேனா?

பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய்விடுகிறேன். மேஜைக்கு அடியில் எலிக்கூடு இருந்தது. ஒயர்களில் பாதியை எலி பஞ்சாக்கி வைத்திருந்தது, ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். துருவை எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன். பெரியப்பா தன் கடையை மூடிவிட்டு வரும்போது வாசலில் நின்று, "என்ன இன்ஜினியரம்மா, ஓடுதா?" என்று கேட்பார். அவர் இருமல் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என் கையில் இருக்கும் ஸ்பேனர் நழுவிவிடுகிறது. குனிந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் முதுகு வலி பற்றி அம்மா தூக்கத்தில் பேசுவதுபோல ஒரு நாள் சொன்னாள். இப்போது தேவலையா?

இளையவள்


அக்டோபர் 20

அன்புப் பொடிசுக்கு,

மீசை மை வரைக்கும் சிரித்தேன். கடிகாரத்தில் நின்றுவிட்டேன்.

என் முதுகு அப்படியேதான் இருக்கிறது, நாள் முழுக்க மிஷின் முன்னால் நிற்கும் முதுகு வேறு எப்படி இருக்கும். நீ பல்லைக் கெடுத்துக்கொள்ளாதே. டார்ச்சை ஒரு சொம்புக்குள் நிறுத்தி வை.

இப்போது கவனமாகப் படி. அண்ணிக்கு நான் போட்ட கடிதத்தில் ஆறுதல் ஒரே ஒரு வரிதான். மீதி எல்லாம் ஸ்பேனர் அளவுகளும் ஒளிக்கும் இடங்களும். நீ அடுக்களைப் பின்கதவின் தாழ்ப்பாளை உருவிப் பார். பிறகு உன் அம்மாவின் முகத்தைப் பார். மிச்சம் அங்கே கிடைக்கும்.

மூத்தவள் முழுசாக நின்றிருந்தால் காரியம் முடிந்த மறுநாளே யாராவது விலை பேசித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். குறையோடு நிற்பவளை யாரும் கேட்டு வர மாட்டார்கள். பெரிய அண்ணனை உனக்கு முன்பே எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மின்சாரம் கொடு. திரையில் பாட்டரி எச்சரிக்கை வரும். மிஷினின் ஞாபகத்தைக் காப்பாற்றி வைப்பது அந்த பாட்டரிதான். உயிர் போகிற நிலையில் இருக்கும், உடனே புதிது மாற்றிவிடு. மின்சாரப் பெட்டியில் கை வைக்கும்போது உன் அப்பா சொல்லிக் கொடுத்தபடி நட. எனக்கு நீ முழுக் கையோடு வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். சத்தமாகச் சொல்லாதே.

அத்தை


நவம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

நான் மூத்தவளைக் கொன்றுவிட்டேன். சுகம் விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னியுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எழுதியபடி பின்கதவின் தாழ்ப்பாளை உருவினேன். ஒரு முனையில் மரை, மறுமுனையில் ஆறுபட்டைத் தலை. நீளக் கம்பியேதான். இத்தனை நாளும் அதைத் தள்ளித்தான் குப்பை கொட்டப் போயிருக்கிறேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எழுந்து, தண்ணீர் டிரம் மூடி மேல் கனத்துக்கு வைத்திருந்த இரும்புக் கூம்பை எடுத்துக் கொடுத்தாள். தையல் மிஷினுக்குக் கீழே நூல் சுற்றிக் கிடந்த சக்கரத்தில் நூலைப் பிரித்தாள். உள்ளே கைச்சக்கரம். டிரங்குப் பெட்டியில் போர்வைகளுக்கு நடுவே, அப்பாவின் சட்டையில் சுற்றி, அந்த கார்டு.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே அவருக்குக் காட்டிக் குடுத்திருக்கும். உனக்கு எதையும் ஒளிச்சு வைக்கத் தெரியாது" என்றாள். நான் யார் சொல்லித் தாழ்ப்பாளை உருவினேன் என்று அவள் கேட்கவே இல்லை. மறுநாள் என் தலையணைக்கு அடியில் டார்ச்சுக்குப் புது செல்கள் இருந்தன.

எல்லாவற்றையும் மாட்டி மின்சாரம் கொடுத்தேன். திரை பச்சையாக எரிந்தது. அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். நீங்கள் சொன்ன பாட்டரி எச்சரிக்கையும் வந்தது.

மெயினை அணைக்காமல் பெட்டிக்குள் விரலை விடுபவள் என் பெண் இல்லை என்று அப்பா சொல்வார். அந்த ஒன்றை மட்டும் நான் மீறியதே கிடையாது. ஆகவே மெயினை அணைத்தேன். பழைய பாட்டரியைக் கழற்றினேன். புதிதை, கூட்டல் கழித்தல் பார்த்து நிதானமாகப் போட்டேன். மறுபடி மின்சாரம் கொடுத்தால் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கைகள். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். இருந்த எண்கள் எல்லாம் சைபராகிக் கிடந்தன. எந்த மோட்டார் எவ்வளவு வேகம், மேஜை எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

பெரியப்பா அன்றைக்கென்று சீக்கிரம் வந்தார். சிவப்பைப் பார்த்து, "மார்க் ஷீட் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி என்ன செய்வது என்று எழுதுங்கள். ஒன்றும் செய்ய முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். நான் மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு ஜன்னல் இருக்கிறது, ஆனால் அது பெரியப்பாவின் கூடத்துக்குள் திறக்கிறது. அந்த அறைக்கு நான் போகமாட்டேன்.

உங்கள் உடம்பு நலமா?

இளையவள்


நவம்பர் 24

அன்புப் பொடிசுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அழுத முகம்தான் இங்கிருந்தே தெரிகிறது. முதலில் அழுவதை நிறுத்து.

தப்பு என்னுடையது. அந்த பாட்டரியை மட்டும் மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். மெயினை அணைத்தால் அதன் ஞாபகத்துக்கு வேறு பிடிமானம் கிடையாது. கை பழகிப்போனதை எழுத மறந்துவிட்டேன். அதோடு நிற்காமல், அப்பா சொன்னபடி நட என்று வேறு எழுதித் தொலைத்தேன். நீ சொன்னபடி கேட்கும் பிள்ளை. இனிமேல் என் பேச்சைக் கேட்கும்போதும் கொஞ்சம் யோசி.

நீ யாரையும் கொல்லவில்லை. இங்கே எங்கள் தொழிற்சாலையின் கடைசி வரிசையில் மூத்தவளின் உடன்பிறப்பு ஒன்று நிற்கிறது. அதே கன்ட்ரோல், அதே மோட்டார்கள். அதன் எண்களை அப்படியே இவளுக்குப் போடலாம். மிஷின்கள் ஓடும் தளத்துக்குள் பேனா, தாள், போன் எதையும் விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு திரை எண்களை மனதில் ஏற்றிக்கொண்டு, வாயில் முணுமுணுத்தபடி ஓய்வறைக்குப் போய், பேக்கிங் சீட்டின் பின்பக்கம் இறக்கி வைக்கிறேன். பென்சில், பேக்கிங் பெண்களின் தயவு. இந்த எண்களில் கம்பெனி ரகசியம் ஒன்றும் இல்லை. அதை சூப்பர்வைசருக்குப் புரியவைக்கும் பொறுமைதான் எனக்கு இல்லை.

பாதி எண்கள் இத்துடன். ஒவ்வொன்றாக அடி, அடித்ததைத் திரும்பப் படி. தேய்மானத்துக்கான எண்களை மட்டும் நான் அனுப்பமாட்டேன். அவை ஒவ்வொரு மிஷினுக்கும் வேறு. நூலளவு அசைவையும் முள்ளால் காட்டும் அப்பாவின் டயல் கேஜை மேஜையில் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, முள் எவ்வளவு தாமதமாக அசைகிறது என்று பார்த்து நீயே போட வேண்டும்.

மாடி அறை விஷயத்தில் உன் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். நானும் ஒரு காலத்தில் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அதில் அடைபட மாட்டேன் என்றுதான் ஊரை விட்டே போனேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அத்தை


டிசம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா, நான், மூத்தவள் மூவரும் சுகம். உங்கள் பேக்கிங் சீட்டுகளில் ஒன்றில் எண்ணெய்க் கைரேகை அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்து அம்மா, "உன் அத்தை கையெழுத்தே போட்டு அனுப்பியிருக்கா" என்றாள்.

சாயங்காலங்களில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைச் சத்தமாக வாசிக்கிறாள், நான் அடிக்கிறேன். அவள் வாசிப்பதைக் கேட்டால் யாரையோ திட்டுவதுபோல இருக்கும். பெரியப்பா வாசலில் வந்து நின்றால் குரலைக் கூட்டுவாள். தாளில் என்ன என்று அவர் ஒரு தடவை கேட்டார். அம்மா, "இவ கணக்குப் பாடம்" என்றாள். அவள் அவருக்குப் பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேற்று மேஜை இடது வலமாக நகர்ந்தது! முதலில் ஒரு முனகல். பிறகு தடைபடாமல் போனது. நான் கைச்சக்கரத்தைத் திருப்பத் திருப்ப அது பின்னாலேயே வந்தது. முன் பின் நகர்த்த மீதி எண்கள் வேண்டும்.

மேஜையை எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்சை எலி தின்றுவிட்டது, பதில் சுவிட்ச் எங்கும் கிடைக்காமல் இரும்புக்காரர் கடைக்கே போய்க் கேட்டேன். அவர் குவியலில் கிளறி ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். "என் சரக்கை நானே கெடுத்துக்கிறேன்" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, நான் பேசுவது யாரையோ ஞாபகப்படுத்துகிறது என்றார். நான் ஓடி வந்துவிட்டேன்.

மீதியை எப்போது அனுப்புவீர்கள்? அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் அவசரப்படுத்துகிறேன்.

இளையவள்


ஜனவரி 18

அன்புள்ள அத்தைக்கு,

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறை மேல் 'இங்கு இல்லை' என்று விடுதியின் முத்திரை இருந்தது.

மூத்தவள் பாதி ஞாபகத்தோடு நிற்கிறாள். பெரியப்பா கிடங்குக்காரரோடு வந்து பட்டறையை டேப் வைத்து அளந்தார். டேப்பின் ஒரு நுனியை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் மறுமுனையில் படித்துச் சொல்வதற்குள் விட்டுவிட்டேன். டேப் சுருண்டு போய் அவர் விரலில் அடித்தது. தெரியாமல் விட்டேன் என்று சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன்.

நீங்கள் நன்றாக இருந்தால் போதும். எண்கள் வேண்டாம் அத்தை. நீங்கள் நன்றாக இருப்பதாக ஒரு வரி போடுங்கள்.

இளையவள்


பிப்ரவரி 3

அன்புப் பொடிசுக்கு,

நலமாக இருக்கிறேன். விடுதியில் தண்ணீர் சரியில்லை, இடம் மாறிவிட்டேன். புது முகவரி மேலே இருக்கிறது. அறை சின்னது, வெளிச்சம் உண்டு.

மீதி எண்கள் இத்துடன். கடைசிப் பக்கத்தை ஓய்வறையில் எழுத வசதிப்படவில்லை, மனதில் இருந்ததை இங்கே வந்து எழுதினேன். சந்தேகமானவற்றின் கீழே கோடு போட்டிருக்கிறேன். அவற்றை அடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பொத்தானின் மேல் ஒரு கையை வைத்துக்கொள். மிஷின் தப்பாகப் போனால் அந்தப் பொத்தானை அடி, நின்றுவிடும்.

இப்போது பகலில் நிறைய நேரம் கிடைக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். முதுகு வலிகூடப் போய்விட்டது. அதனால் என்னைப் பற்றிக் கேட்டு ஒரு வரியையும் வீணாக்காதே. மூத்தவளைப் பற்றி எழுது.

பயம் வந்தால் பொத்தானைப் பார், ஆளைப் பார்க்காதே. எனக்கு உன் அப்பா சொன்னது அது.

அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா சுகம், மூட்டு வலி உட்பட. நான் சுகம். இந்தக் கடிதத்தைப் பகலில், பட்டறையில், மூத்தவளின் மேஜை மேல் வைத்து எழுதுகிறேன். வாசல் திறந்திருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும்.

நீங்கள் கோடு போட்டவற்றில் ஒன்றுதான் தப்பு. முன் பின் போக வேண்டிய மேஜை எதிர்ப்பக்கம் பாய்ந்தது. பொத்தானை அடித்தேன், அந்த எண்ணின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றினேன், சரியானது. தேய்மானத்தையும் டயல் கேஜ் வைத்து அளந்து போட்டேன். மேஜையும் ஸ்பிண்டிலும் நகரும் மூன்று அச்சுகளும் தங்கள் மூலைக்குப் போய் நின்று, வந்துவிட்டோம் என்று விளக்கு எரிய வைத்தபோது அம்மா மூத்தவளின் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்தாள்.

என்ன வெட்டுவது என்ற கேள்விக்கு இரும்புக்காரரே பதில் கொண்டு வந்தார். அவருடைய எடை மிஷினின் தாங்கி விரிசல் விட்டிருந்தது. அதையும் ஒரு அலுமினியக் கட்டியையும் மேஜையில் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு. அவசரமில்ல" என்றார்.

அவசரம் பெரியப்பாவுக்கு இருந்தது. பரீட்சை இன்னும் முடியவில்லை. அதற்குள் போன சனிக்கிழமை கிடங்குக்காரரையும் இரும்புக்காரரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் தள்ளுவண்டியும் சங்கிலியும் தயாராக நின்றன. பரீட்சை வரைக்கும் என்று சொன்னீர்களே என்றேன். "ஓடுறது இன்னைக்கும் ஓடும். ஓடாதது எப்பவும் ஓடாது" என்றார்.

கட்டி ஏற்கெனவே வைஸின் பிடியில் இருந்தது, புரோகிராமும் எழுதி வைத்திருந்தேன். டூலை மாட்டினேன். என்னிடம் இருந்தது அந்த ஒரே டூல்தான். ஆளைப் பார்க்கவில்லை, பொத்தானைப் பார்த்தேன். ஓட்டும் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

அலுமினியச் சில் பறந்தது அத்தை. பளபளவென்று, மழை மாதிரி. முதல் முகம் முடிந்து, டூல் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பெரியப்பா, "என்ன சத்தம் இது, காது போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

எல்லாம் நின்றது. டூல் உலோகத்துக்குள் சிக்கியபடி நின்றது. "பார்த்தீங்கல்ல, நின்னுடுச்சு" என்றார் கிடங்குக்காரரிடம்.

அப்போது நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் பயந்துகொண்டே பொத்தானைத் திருகி விடுவித்தேன். கைச்சக்கரத்தால் டூலை மெதுவாக, அது வந்த வழியிலேயே மேலே எடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன், விளிம்பு உடையவில்லை. மூன்று அச்சுகளையும் மறுபடி மூலைக்கு அனுப்பி, விளக்குகள் எரியும்வரை காத்திருந்தேன். பிறகு நகர்ந்து, அவருக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"இதை நீங்க தொடக் கூடாது பெரியப்பா."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். இரண்டு பேர் நின்றால் அந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வழி கிடையாது. முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். பள்ளம், துளைகள், ஓரம். கடைசியில் காற்றடித்து, துடைத்து, பழைய தாங்கியையும் புதியதையும் இரும்புக்காரர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். துளை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு புதியதைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய்ச் சங்கிலியை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டார். கிடங்குக்காரர் டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெரியப்பா விடவில்லை. "சரி, ஓடுது. யாரு ஓட்டுவா? இவ மேல படிக்கப் போவா, இவங்க அம்மாவுக்கு ஸ்விட்ச் போடத் தெரியாது. ஆள் இல்லாத மிஷினும் இரும்புதான்" என்றார்.

நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

"எங்க அத்தை ஓட்டுவாங்க" என்றேன்.

இருமல்கூட வரவில்லை அவருக்கு. இரும்புக்காரர்தான் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, அந்தப் பொண்ணா? இந்த மிஷின்ல நின்னு பார்த்திருக்கேனே. நல்லா ஓட்டுமே" என்றார். பெரியப்பா அப்பாவின் கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டே போனார். கடிகாரத்தைத் திருப்பிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தைரியம்தான். அது உங்கள் பங்கு, வந்து நீங்கள் கேளுங்கள்.

ஆமாம், வந்து. உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். தண்ணீர் சரியில்லை என்று யாரும் விடுதியின் முத்திரையோடு காணாமல் போவதில்லை அத்தை. உங்கள் கடைசிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முதுகு வலி எப்படிப் போனது என்று எனக்குப் புரிந்துவிட்டது. யார் கண்ணில் பட்டீர்கள், என்ன பேச்சுக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்காகப் போன வேலைக்குப் பதிலாக ஒரு வேலை இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இரும்புக்காரர் தெரிந்த இடங்களில் எல்லாம் தாங்கியைக் காட்டிக்கொண்டு திரிகிறார். நேற்று ஒருவர் உடைந்த பல்சக்கர மூடியோடு வந்து, ஓட்டுபவர் எப்போது வருவார் என்று கேட்டார். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

உறையின் பின்பக்கம் எங்கள் வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். இனி நூலக டீச்சர் முகவரி வேண்டாம். அவருக்கும் கதையின் முடிவைச் சொல்லிவிட்டேன். இந்தத் தாளின் மூலையில் இருக்கும் கறை என்னுடையது.

அம்மா உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். தாழ்ப்பாள் மூத்தவளுக்குள் போய்விட்டதால் பின்கதவு இப்போது சும்மா சாத்தித்தான் கிடக்கிறது, எந்த நேரமும் வரலாம் என்றாள். எனக்கு அதில் சம்மதமில்லை. நீங்கள் போனது எந்த வழியாக என்று எனக்குத் தெரியாது. வரும்போது பகலில், முன்வாசல் வழியாக வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி முதுகு வலிக்கப் போகிறது.

உங்கள்
இளையவள்